எடங்கால்

சின்னத்துறை நூலகத்து மொட்டைமாடியில்
பிரேசிலுக்கு ஒரு கம்பம், அர்ஜென்டினாவுக்கு ஒரு கம்பம்,
மூன்றே மூன்று போர்ச்சுகல்காரர்கள்
கடன் வாங்கித் தைத்த ஒரு கொடி.
அந்த நாட்டுக்கு இல்லை.
துணிக்கடையில் நிறம் கேட்டார்கள்,
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கொடி வேண்டுமென்றவன் கரையில் இல்லை.
கிளீற்றஸ். ‘அமலோற்பவம்’ படகில் பதினோராவது ஆள்.
நூற்றுச் சொச்சம் கடல்மைலுக்கு வெளியே
தூண்டில் கோத்துக்கொண்டிருக்கிறான்.
போகுமுன் என் பையில் நூறு ரூபாயைத் திணித்து
“களி நடக்கும்போ வயர்லெஸ்ஸ அணைச்சிராத, கேட்டியா”
என்றிருந்தான்.

எஞ்சின் படுத்து நீவாடு இழுத்துப் போன வருஷம்
அந்த நாடு அவனைத் தொண்ணூற்றேழு நாள் வைத்திருந்தது.
அடிக்கவில்லை. கேள்வியும் கேட்கவில்லை,
கேட்க இரண்டு பேருக்கும் பொதுவாய் ஒரு சொல் இல்லை.
சோறு வரும். கதவு மூடும்.
எப்படி இருந்தது அந்த நாடு என்றால்
“வெள்ளச் செவரு” என்பான்.
அவன் கண்டது அவ்வளவுதான்.

ஆனால் சாயங்காலம், சுவருக்கு அந்தப் பக்கம்
யாரோ பந்தடித்தார்கள்.
தனி ஆள்.
டொம். உருளும். டொம்.
அறுபதாம் நாள் அவனுக்குப் பிடிபட்டது
அது எடங்கால் என்று.
உள்பாதம் படுகையில் சத்தம் சற்று நனைந்திருக்கும்,
அதற்குமுன் அரை மூச்சு ஒன்று நிற்கும்
என்றெல்லாம் விளக்குவான்.
சிரிப்போம்.
குடிக்கிற ஆளில்லை என்பதால்
கொஞ்சம் பயந்தும் சிரிப்போம்.

முப்பது வருஷத்தில் முதல்முறையாக
கதவைத் திறந்து பதினொரு பேரை அனுப்பியிருக்கிறது.
முதுகில் எண் உண்டு, பெயர் இல்லை.
கீதம் பாடுகையில் உதடு அசைகிறது,
கண் மட்டும் கேமராவுக்குப் பின்னால்
யாரோ நிற்கிறதைப் பார்க்கிறது.
காலரியில் ஒரே தொப்பி போட்ட நாற்பது பேர்.
ஒருவன் கை உயர்த்தினால் கைதட்டல், இறக்கினால் அமைதி.
“நம்ம பூசையில எழும்பி இருக்கதுமாதிரி” என்றான்
பிரேசில் கட்சி ஸ்டாலன்.

ஆறாம் நிமிடம் முதல் கோள்.

எங்கள் கோபுரத்து ஏரியல் எட்டுவது ‘பனிமயம்’ வரை.
அது ‘விண்மீனு’க்குச் சொல்லும்,
விண்மீன் அமலோற்பவத்துக்கு.
ஒரு கோள் அவனைப் போய்ச் சேர நாலு நிமிஷம்.
அதற்குள் இங்கே அடுத்தது விழுந்திருக்கும்.
அந்த ராத்திரி முழுக்க அவன்
ஒரு கோள் பின்னால் இருந்தான்,
ஒரு கோள் அளவு நம்பிக்கையோடு.

ஐந்தாவது விழுந்தபோது
அவர்கள் நாட்டில் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்களாம்,
அறிவிப்பாளர் சொன்னார்.
மெய்யோ பொய்யோ.
அங்கே ஏதோ வீட்டில் பந்து பாதி வழியில் நிற்கிறது,
திரையில் கோதுமை வயல் ஆடுகிறது.
நடுவில் நின்று சொல்ல
அவர்களுக்கு ஒரு விண்மீன் இல்லை.

ஏழு.
கிளீற்றஸ் கணக்கே கேட்கவில்லை.
“எடங்காலன் உண்டா? அதச் சொல்லு. ஓவர்.”

உண்டு. பதினேழாம் எண்.
எண்பத்தெட்டாம் நிமிடம், தூரத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக்.
எதிராளிகள் மதில் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில்
நான் கத்தினேன்: யாரும் பேசாதீங்க,
ஸ்பீக்கரையும் மைக்கையும் சேர்த்துப் பிடிங்க.
என் மைக்கை டிவியின் வாயில் அழுத்தினேன்.
பனிமயம் பிடித்தது. விண்மீன் பிடித்தது.
பதினேழு ஓடி வந்தான்.
பந்து மதிலைத் தாண்டி, வளைந்து,
கம்பத்தில்.
டொம்.

நூலகமே எழும்பி நின்றது,
எந்தக் கட்சி என்பதை மறந்து.

இரைச்சல். நெடுநேரம் கடல்.
ஸ்டாலன் டிவி சத்தத்தைக் குறைத்தான்.

“இது அவனில்ல.
வேற ஆளு.
அவன் இதவிடக் கொள்ளாம்.
இப்பவும் அங்கதான் அடிச்சிட்டு இருப்பான். ஓவர்.”

பிறகு, கரையில் சூரைக்கு என்ன விலை
என்று கேட்டான்.