இடது அக்குளில் ஒரு வார்

பெர்கமோ அருங்காட்சியகம், மூன்றாம் அறை.
போருக்குக் கிளம்பும் இறுக்கம் என்கிறது சுவரட்டை.
தோற்றுத் திரும்பியவன், கண்ணைப் பாருங்கள்
என்பாள் வழிகாட்டி ஒர்தென்சியா.
காவலர் எஜிதியோவைக் கேட்டால்
அவனுக்குப் பசி.

நான் பஞ்சு முனையில் எச்சில் தொட்டு
பழுப்பேறிய வார்னிஷைத் துடைக்கிறேன்,
நாளுக்கு உள்ளங்கை அகலம்.
மார்புத்தகட்டில் முதலில் ஜன்னல் வந்தது.
பிறகு ஜன்னலில் மழை.
வியாழக்கிழமை,
இடது அக்குளின் கீழ்
கொக்கியில் சேராமல் தொங்கும் தோல்வார்.

அந்த வாரைத் தானே மாட்டிக்கொள்ள
எவனுக்கும் கை எட்டாது;
இன்னொருவர் வேண்டும்.
அப்படியென்றால் அவன் பார்த்துக்கொண்டிருப்பது
கதவை.

எஜிதியோவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
நெடுநேரம் நின்றார்.
அவர் வலது சட்டைக்கையின் பொத்தான்
மார்ச்சிலிருந்தே திறந்துகிடக்கிறது.
"பசிதான்" என்றார்.