புளித்த தண்ணி

கிராண்ட்பாஸில் லொறிகள் திரும்பும் முடுக்கில்
எங்கள் பாணிக் கொட்டில்.
தெனியாயவிலிருந்து கலன்களில் வரும் கித்துள் பாணியை
மறுபடி காய்ச்சி, வடித்து, போத்தலில் அடைத்து
லேபல் ஒட்டுவோம்.
ஒட்டுகிறவர்கள் மற்றவர்கள்.
நான் கழுவுகிறவள்.

இரண்டு தாச்சிகள். பேர்தான் தாச்சி, உருவம் தொட்டி:
நாலடி நீளம், முழங்கை ஆழம்,
முகம் தெரியும் சில்வர்.
அதன் விலையை முதலாளி முதல் நாளே சொன்னார்,
என் சம்பளத்தை அதற்கப்புறம் சொன்னார்.

காய்ச்சி இறக்கினால் அடியில் ஒரு படை இருக்கும்.
சீனி இல்லை. சீனி என்றால் சுடுதண்ணிக்குக் கரையும்.
இது மண்ணிறம், மரத்தின் சுண்ணாம்பு,
சுரண்டினால் நகம்தான் தேயும்.

எனக்கு முன்னால் இருந்த டெஸ்மன்
கம்பிப் பஞ்சால் உரஞ்சினாராம்.
இடப்பக்கத் தாச்சியில் அவர் கை இன்னும் இருக்கிறது,
கோபக்காரன் கையெழுத்து மாதிரி
வளைந்து வளைந்து.
ஒவ்வொரு காய்ச்சலிலும்
பாணி அந்தக் கோடுகளில்தான் முதலில் கருகும்.
கீறலுக்குள் போனது வெளியே வராது
என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எல்லாம் பார்த்துவிட்டேன்.
தேசிக்காய்ப் பாதி: எரிந்தது என் விரல் வெடிப்பு.
வினாகிரி ஆறு போத்தல்:
கணக்குக் கொப்பியில் சிவப்புப் பேனை விழுந்தது.
தென்னந்தும்பு நல்லதென்றார்கள்,
தும்புக்குள் ஒரு மணல் ஒளிந்திருந்தால் முடிந்தது.
ரிஸ்மி ட்ரில் மெஷினில் வயர் பிரஷ் பூட்டிக்கொண்டு
"அஞ்சே நிமிஷம் அக்கா" என்று வந்தான்.
நான் தாச்சிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.
அவன் சிரித்தான்.
நான் இறங்கவில்லை.

வெசாக் வந்தது.
கூடு பார்க்கப் போக வீட்டில் பிள்ளைகள் உடுத்திக்கொண்டு நிற்க
தாச்சி அலசிய இனிப்புத் தண்ணியை
ஊற்றக்கூட நேரமில்லாமல்
சாக்கால் மூடிவிட்டு ஓடிவிட்டேன்.
வேண்டுமென்று செய்ததில்லை.
இதைச் சொல்லி வைக்கிறேன்,
பிறகு என் மூளை என்று யாரும் புகழாமலிருக்க.

மூன்றாம் நாள் விடிய போன் அடித்தது.
கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோ பிடித்துப் போனால்
விமலசூரிய முதலாளி வாசலில்,
பன்சலையிலிருந்து நேரே வந்த வெள்ளை உடுப்போடு,
மூக்கைப் பொத்திக்கொண்டு.
முடுக்கெல்லாம் கள்ளு மணம்.
ஊரில் சாராயக்கடை அத்தனையும் பூட்டிக் கிடக்க
அவர் கொட்டில் மட்டும் தவறணையாய் மணக்கிறது.
பக்கத்து வீட்டுக்காரி பொலிசுக்குச் சொல்லப் போகிறாளாம்.

"புஷ்பலீலா, யாரு குடிச்சது?"

தாச்சிதான் முதலாளி, என்றேன்.

சாக்கை எடுத்தேன். மேலே நுரை,
நாலைந்து குளவி, மூழ்கிப்போன கரப்பான் ஒன்று.
ரிஸ்மி ஒரு முனையைத் தூக்கினான்.
புளித்த தண்ணி கானுக்கு ஓடியது.
அதோடு, நான் கை வைக்காமலே,
எத்தனையோ மாதத்துப் படை
பாலாடை போல ஒரே துண்டாய்ச் சுருண்டு
வழுக்கிக்கொண்டு போனது.

மூன்று பேரும் குனிந்தோம்.
மெல்லிய துணியை நனைத்து
தகட்டின் ரேகை ஓடும் பக்கமாகவே இழுத்தேன், குறுக்கே இல்லை.
உள்ளே ஒரு வெள்ளை உடுப்பு தெரிந்தது,
பக்கத்தில் என் கோணல் பல்.
டெஸ்மனின் கோடுகள் அப்படியே இருந்தன.
ஆனால் கறுப்பில்லை.
வெறும் கோடுகள்.
விரலால் தடவிப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை.

முதலாளி கொஞ்ச நேரம் யோசித்தார்.
காலண்டரில் சிவப்பு நாட்களை ஒவ்வொன்றாய் எண்ணினார்.

"போயாவில மட்டும் வேணாம்" என்றார்.
"வேற நாளில குடிக்கச் சொல்லு."