விடு

நேமத்தான்பட்டிக் கண்மாய்க்குள்
தண்ணீர் இல்லை, கருவேலம்தான்.
காலுறையில் உமி அடைத்து
கவுதாரி இறகு சுற்றி எறிந்தேன்.
செவலை ஓடினான்.
அதன்மேல் படுத்துக்கொண்டான்.

வாய் பதமாக முட்டை கவ்வக் கொடுத்தேன்:
மூன்று நாள் தின்றான், நாலாம் நாள் புதைத்தான்,
ஒன்பதாம் நாள் கீறலில்லாமல்
என் உள்ளங்கையில் எச்சிலோடு வைத்தான்.

இன்று நிஜப் பறவை.
வெடிச்சத்தத்தில் பம்மினாலும் போனான்,
செம்புறைச் சரிவில் முள்ளுக்குள் தேடி
கவுதாரியோடு வந்தான்.
கண் திறந்திருந்தது.
ஓர் இறகும் ஒடியவில்லை.

கழுத்தைத் திருக விரலை மடக்கிக்கொண்டு
பத்தடி முன்னாலேயே அவசரப்பட்டு
"விடு" என்றேன்.

விட்டான்.
அது நொண்டி, ஓடி,
வேலிக்குள் ஒரு சத்தமாகி மறைந்தது.

செவலை உட்கார்ந்து
என் சட்டைப்பையைப் பார்க்கிறான்.
சொன்னதைச் செய்தவன்.
ரொட்டித்துண்டை எடுத்தேன்.