கான்வாய் விளக்கு

ஏலத்தில் எடுத்த ராணுவ லாரி.
இருபத்துநாலு வோல்ட் என்று தெரியாமல்
கோட்டூர்க்காரன் எவனோ
பன்னிரண்டு வோல்ட் பல்பு மாட்டி
மூன்றைக் கொன்றிருக்கிறான்.

பிரேக்கை மிதித்தால் இடது இண்டிகேட்டர் முனகுகிறது.
ஹார்ன் அடித்தால் ஹெட்லைட் சாகிறது.
எர்த் போச்சு, என்றேன்.
"மண்ணுக்கா பஞ்சம் மன்னார்குடியில?"
என்றார் இருதயராஜ்.
சிரிக்க நேரமில்லை.
கொள்முதல் நிலையத்தில் அறுநூறு மூட்டை நெல்,
தார்ப்பாய் இல்லாமல்.
வேதாரண்யம் பக்கம் மின்னுகிறது.

சேஸிஸ் போல்ட்டைக் கழற்றி
உப்புத்தாள் போட்டேன்.
பச்சைக்கடியில் இன்னொரு பச்சை,
அதற்கடியில் மணல் நிறம்
(எந்தப் பாலைவனமோ),
அப்புறம்தான் இரும்பு.

டெஸ்ட் லாம்ப் எரிந்தது.
ஹெட்லைட் எரியவில்லை.
சுவிட்சைக் கடைசிப் பல்லுக்குத் திருப்பினேன்.
வண்டிக்கு அடியில்
வெள்ளையடித்த டிஃபரன்ஷியல் உருண்டை மட்டும்
மெல்ல வெளுத்தது.
எதிரிக்குத் தெரியாமல்
பின்னால் வருகிறவனுக்கு மட்டும்
யாரோ வைத்துவிட்டுப் போன வெளிச்சம்.

"முன்னாடிக்கு?"
"முன்னாடிக்கு என் டார்ச்."

பாமணி ஆற்றங்கரையில்
பானட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு
நான் டார்ச் அடிக்க,
விளக்கே இல்லாத இரண்டு டிராக்டர்கள்
அந்த உருண்டையைப் பார்த்தே வந்தன.

தூறல் விழுந்ததும்
இண்டிகேட்டர் தானாக எரிந்தது.
வலது.

நாங்கள் திரும்ப வேண்டியது இடது.