எழவில்லை

காலையிலேயே வந்துவிட்டார் வட்டச் செயலாளர் தணிகாசலம்
முதுநகர் துறைமுகத்துக்கு,
மீன் தண்ணி படாமல்
வேட்டியை முழங்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு.
வேன் நிற்கிறதாம். மஞ்சக்குப்பம் போகணுமாம்.
டெல்லியில் மந்திரி ஏதோ சொல்லிவிட்டாராம்.

என்ன சொன்னார்?
அதை அங்கே சொல்வார்கள் என்றார்.

சங்கரா ஒரு கூடை விற்காமல் கிடந்தது.
ஐஸ் கொட்டிக் கோணியால் மூடி
மாசிலாமணி பையனைக் காவல் வைத்துவிட்டு ஏறினேன்.
ஜன்னலோரம் எல்லாம்
சோனங்குப்பத்துக்காரிகள் பிடித்தாயிற்று.

தபால் ஆபீஸ் வாசலில் நல்ல வெயில்.
கட்சி வக்கீல் பேப்பரைப் பார்த்து மைக்கில் படித்தார்:
மீன் சுமந்து விற்கும் பெண்கள் குறித்த
விவரம் ஏதும் பராமரிக்கப்படவில்லை.
ஆகவே புயலில் இறந்தவர்களுக்கு
இழப்பீடு என்ற கேள்வி எழவில்லை.

என் காதில் விழுந்தது
எழவு இல்லை.

கன்னியம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.
அவளுக்கும் அப்படித்தான் விழுந்திருக்கிறது.
எழவு இல்லையா?
கார்த்திகைப் புயலில் உப்பனாற்றுப் பாலத்தோரம்
அலுமினியக் கூடையோடு குப்புறக் கிடந்தாளே அஞ்சலாட்சி,
நாங்கள் மாரில் அடித்துக்கொண்டது யாருக்கு?
அவள் மருமகன் வட்டிக்கு வாங்கிப் போட்ட
பதினாறாம் நாள் பந்தலில்
நாங்கள் தின்றது கல்யாணச் சோறா?

வக்கீல் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்:
எழவு இல்லம்மா, எழவில்லை.
கேள்வி எழும்பலையாம்.

எழும்பவில்லையா.
நான் எழும்புவது ராத்திரி இரண்டு மணி.
விசைப்படகு கரை தொடும் முன்னே
ஏலக்காரன் முன்னால் நிற்க வேண்டும்.
ஐந்துக்கெல்லாம் திருப்பாதிரிப்புலியூர் பஸ்ஸில்
கூடையை இறக்கு என்று கண்டக்டர் கத்தியாயிற்று.
டெல்லியில் கேள்விகள் எல்லாம்
எத்தனை மணிக்கு எழும்புமோ.

எழுதிக் கொடுத்த கோஷம் ரொம்ப நீளம்.
'வாபஸ் வாங்கு' மட்டும்தான் எங்களுக்கு ஒழுங்காக வந்தது.
மந்திரி பேர் வாயில் நுழையாமல்
கன்னியம்மா தடவைக்கு ஒரு பேர் சொன்னாள்.
ஒருதரம் எங்கள் தாசில்தார் பேரையே சொல்லிவிட்டாள்.
சிரித்துக்கொண்டே வேனில் ஏற்றினார்கள் போலீஸ்.

கல்யாண மண்டபம்.
யாரோ ரிசப்ஷனுக்குக் கட்டிய காகிதப் பூ
இன்னும் மேடையில் தொங்கியது.
எலுமிச்சம் சாதப் பொட்டலம், ஆளுக்கு ஒன்று.
பெண் போலீஸ் நீளநோட்டோடு வந்து உட்கார்ந்தாள்.
பேர்? வயசு? ஊர்? தொழில்?
மீன் கூடை, என்றேன்.
வியாபாரம்னு போடவா, கூலின்னு போடவா?
மீன் சுமந்து விக்கிற பொம்பளைன்னு போடு.

கட்டம் சின்னது.
கடைசி எழுத்துகள் தையலுக்குள் போய் மடங்கின.
எனக்குப் பின்னால் எல்லோரும் அதையே சொன்னார்கள்.
அவளும் சலிக்காமல் எழுதினாள்,
நாற்பத்து மூன்று தரம்.

இன்னொரு பேர் இருக்கு, எழுதிக்க, என்றேன்.
அஞ்சலாட்சி. வயசு அம்பத்தொண்ணு.
எங்க அவங்க?
வரல.
கைதானவங்க பேர்தான்க்கா எழுத முடியும், என்றாள்.
பேனாவை மூடவில்லை. கொஞ்ச நேரம்
அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்கு விட்டார்கள்.
ஐஸ் கரைந்து பையன் தூங்கிப்போயிருந்தான்.
சங்கராவுக்குக் கண் வெளுத்துவிட்டது.
பாதி விலைக்குக் கூவினேன்.
சைக்கிளில் வந்தவர் ஒருவர்
செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
எப்பப் பிடிச்ச மீன் இது?

நியாயமான கேள்வி.
காலையில, என்றேன்.