இரண்டாவது ஆணி

(ஹைடல்பர்க், 1608)

பேரிமரம் நல்ல மரம்.
உளி எந்தப் பக்கம் திரும்பினாலும் முரண்டு பிடிக்காது.
அதில் நான் செதுக்கியவை:
பன்னிரண்டு அப்போஸ்தலர்கள், ஒரு திமிங்கிலம்,
மூலிகை நூலுக்கு நூற்றுப்பத்துச் செடிகள்,
வாடகை பாக்கி விழுந்த மாதங்களில்
சீட்டுக்கட்டு ராணிகள்.

அச்சகத்து வென்டெல் ஒரு கத்தைத் தாளோடு வந்தான்.
“பிராகாவிலிருந்து. வான்கணக்கு.
எல்லாம் கோடும் வளைவும்தான், ஓட்டிலியா,
ஒரு முகம்கூட இல்லை.
அதனால் கூலியும் குறைவு.”

வட்டம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.
கவராயத்தின் ஒரு காலை ஊன்றி
மறுகாலைச் சுழற்றினால் ஆயிற்று.
வானமும் அப்படித்தான் என்று
பஞ்சாங்கப் படங்கள் சொல்லின,
அவற்றையும் நான்தான் செதுக்கினேன்.
இந்தத் தாளிலோ வட்டம் அமுங்கிக் கிடந்தது,
யாரோ உட்கார்ந்து எழுந்த கூடைபோல.

“தப்பாக வரைந்திருக்கிறார்” என்றேன்.

வென்டெல் எழுத்துக் கோக்கிறவன்,
கோப்பதைப் படித்தும் தொலைப்பான்.
“முதலில் வட்டத்தில்தான் வைத்துப் பார்த்தாராம்.
செவ்வாய் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை.
எட்டுக் கலை தள்ளி நின்றது.”

எட்டுக் கலை எவ்வளவு?
முழுநிலவை அகலவாக்கில் நான்காய் நறுக்கினால்
ஒரு துண்டு.
அவ்வளவுதான்.
அந்தத் துண்டை மேசைக்கடியில்
காலால் தள்ளிவிட்டிருக்கலாம்.
நான் தள்ளியிருப்பேன்.
மத்தேயுவின் கையில் கூடிப்போன ஆறாம் விரலை
அங்கியின் மடிப்பாக்கியவள் நான்.

இவர் தள்ளவில்லை.
செத்துப்போன டேனிஷ்காரர் ஒருவர்
தீவொன்றில் இருபது ஆண்டு
குளிரில் கண்விழித்துக் குறித்த எண்களாம்.
அவை எட்டுக் கலை பிசகாது என்று
தன் கணக்கையே கிழித்துப் போட்டாராம்.
ஐந்தாறு வருட உழைப்பு.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கவராயம் இங்கே உதவாது.
பூப்பாத்தி வெட்டுகிறவர்களிடம் பார்த்த வித்தை:
பலகையில் இரண்டு ஆணி,
ஒரு நூல் வளையம்,
நூலை விறைப்பாக இழுத்தபடி
சுற்றிவரும் கரித்துண்டு.

முதல் ஆணியில் சூரியன்.
“இரண்டாவதில்?”
வென்டெல் முன்னும் பின்னும் புரட்டினான்.
“ஒன்றும் எழுதவில்லை.”
“ஏதாவது இருக்கும், பார்.”
“ஒன்றுமில்லை, ஓட்டிலியா.”

உள்ளபடி வரைந்தால்
ஒரு சாண் அகலத்துக்கு
ஓர் உமியின் தடிமன்தான் குறையும்.
கண்ணுக்குத் தெரியட்டும் என்று
கூடுதலாகவே அமுக்கினேன்.
கட்டையில் எல்லாம் இடவலம் மாறித்தான் இருக்கும்,
என் உளிக்குக் கீழே செவ்வாய்
வந்த வழியே திரும்பி ஓடியது.

அடுத்த படத்தில்
சூரியனிலிருந்து கிளம்பும் ஆப்புகள்.
கிட்டத்தில் குட்டையாய்க் கொழுத்தது,
எட்டத்தில் நீண்டு மெலிந்தது.
பரப்பு ஒன்றே, காலமும் ஒன்றே.
ஆகவே நெருங்கினால் ஓட்டம்,
விலகினால் ஊர்தல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
என் கிரேகோர் மரத்தெப்பத்தோடு நெக்காரில் இறங்கி
ரைன் வழியே டோர்ட்ரெக்ட் வரை போகிறவன்.
திரும்புவது நடந்து.
அவன் இதற்கு நேர்மாறு:
தொலைவில் பறப்பான்,
ஊர்க்கோபுரம் கண்ணில் பட்டதும்
ஒவ்வொரு மதுக்கடையும் அவனுக்கு ஓர் இராசி.
சில இராசிகளில் வக்கிரமும் உண்டு.

கட்டைகளை வென்டெல் கொண்டுபோனான்.
பலகையைச் சுவரில் நிறுத்திவைத்தேன்,
ஆணிகளைப் பிடுங்க மனம் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் இருக்க
கிரேகோர் வந்து சேர்ந்தான்.
நனைந்த தொப்பியை மாட்ட இடம் தேடினான்.
“அந்த ஆணியில் வேண்டாம்” என்றேன்.
“ஏன்?”
“அது காலி.”
“காலியாக இருந்தால்தானே மாட்டுவது?”
எனக்குப் பதில் தெரியவில்லை.
அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
தொப்பியைச் சூரியன்மேல் மாட்டினான்,
சூப் இருக்கிறதா என்று கேட்டான்.