ஏழு நொடி இருட்டு

சரகோசாவில் சியெர்சோ காற்று வீசும் இரவுகளில்
வானம் துடைத்து வைத்த தட்டு.
கைதான் நடுங்கும்.
பால்கனியில் நிற்கும் ஆரஞ்சு நிற கேஸ் சிலிண்டர்மேல்
இரண்டு முழங்கையையும் ஊன்றி
பைனாகுலரைப் பிடித்துக்கொள்வேன்.
எதிர்வீட்டுக் கூரைக்கும்
மேல்மாடிக்காரியின் துணிக்கொடிக்கும் நடுவே
எனக்கு வாய்த்த வானம்
ஒரு தலையணை உறை அளவு.
(அளவு எனக்குத் தெரியும்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
நாளுக்கு நானூறு உறை மடிப்பவள் நான்.)

முன்பெல்லாம் தெருவிளக்கு மஞ்சள்,
வானம் கறுப்புத் தேநீர்.
பிறகு நகராட்சி எல்இடி மாட்டியது.
தேநீரில் பாலை ஊற்றிவிட்டார்கள்.
பால்வீதியைப் பற்றிக் கேட்காதீர்கள்;
ஐம்பத்து மூன்று வயதில் நான் அதைப் பார்த்தது
ஒரு ஆகஸ்டில், தெருவெல் மலைப்பக்கம்
பஸ் பழுதாகி நின்றபோது.
அதுவும் இருபது நிமிடம்.

நான் தேடுவது ஒன்றைத்தான்.
திமிங்கல மண்டலத்தின் கழுத்தில்
பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஒளிகூடி
சில வாரம் வெறுங்கண்ணுக்கும் தெரிந்து
பிறகு இளைத்து இளைத்து
இல்லாமல் போகிற விண்மீன்.
பெயர் மீரா.
லத்தீனில் ஏதோ வியப்பு என்று பொருளாம்.
எங்கள் தெருவில் மீரா என்றால் பார்.
பிள்ளைகள் நாள் முழுக்கக் கத்துகிறார்கள்:
மீரா, என் சைக்கிள். மீரா, நாய். மீரா, மீரா.
ஒருவரும் மேலே கைகாட்டியதில்லை.

கீழே மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை.
விரியும், சுருங்கும், மணி சொல்லும், வெப்பம் சொல்லும்.
என் சுவரெல்லாம் பாசி பிடித்துப் போகும்.
இறங்கிப் போய்க் கேட்டேன்.
ஃபெர்மீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இரவுக் கடை, ஆராசெலி. அணைத்தால் எனக்கு அபராதம்."
நான் வாசலைத் தாண்டும்போது:
"நிமிடத்துக்கு ஒருமுறை, படம் மாறும் முன்,
ஏழு நொடி இருட்டு வரும். எண்ணிப் பாருங்கள்."

ஏழுதான்.

அன்றிலிருந்து என் வானியல்
ஏழேழு நொடியாக நடக்கிறது.
ஒன்று, இரண்டு கண் விரிவதற்கே சரி.
மூன்றில் மென்கார். நான்கில் காமா.
ஐந்தில், வலப்பக்கம் கீழே, வெற்றிடம்.
ஆறிலும் வெற்றிடம்.
பச்சை.

அக்டோபர் முழுக்க நோட்டில் வெற்றிடம் என்று எழுதினேன்.
நவம்பரில் எப்ரோ ஆற்று மூடுபனி ஒன்பது இரவு,
வெற்றிடத்தையும் மறைத்துவிட்டது.
மாத்திரை வாங்கப் போனால்
நோயாளியை விசாரிப்பதுபோல் ஃபெர்மீன் கேட்பார்.
"இன்னும் வரவில்லை."
"பிரஷர்?"
"அது வந்துவிட்டது."

முந்தாநாள் காற்று திரும்பியது.
பதினொன்றே கால்.
தெருமுனையிலிருந்து ஒருவன் ஓடிவந்தான்,
கோட்டுக்குள் குழந்தை, ஒரு காலில் மட்டும் செருப்பு.
இந்தப் பேட்டைக்கே புதியவன்போல
இரண்டு பக்கமும் பார்த்தான்.
சிலுவையைக் கண்டான்.
அது அணைந்தது.

நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டான்.
ஒன்று. இரண்டு.
நான் வானத்தைப் பார்க்கவில்லை.
மூன்றா நான்கா, கம்பியில் சாய்ந்து
மீரா! என்று கத்தினேன். மீரா!
அவன் மேலே பார்த்தான்.
நான் கீழே கைகாட்டினேன்.
பச்சை.
ஷட்டரின் சின்ன ஜன்னல் திறந்தது.

அடுத்த ஏழில் கை நிலைக்கவே இல்லை.
ஐந்தில், அந்த இடத்தில்,
ஆறில், இன்னும் அங்கேயே,
துருவின் சிவப்பில் ஒரு புள்ளி.
டெல்டாவைவிட ஒரு இழை கூடுதல்.
காமாவுக்குக் குறைவு.
எண் குறைந்தால் ஒளி கூடுதல் என்பது எங்கள் கணக்கு.
மூன்று புள்ளி ஒன்பது என்று எழுதினேன்.
அடித்துவிட்டு மூன்று புள்ளி எட்டு.

காலையில் வேலைக்குப் போகிற வழியில்
ஷட்டருக்கடியில் ஒரு சீட்டைத் தள்ளினேன்:
வந்துவிட்டது.

மாலை என் தபால்பெட்டியில் பதில் இருந்தது,
ஒரு மருந்துப் பில்லின் முதுகில்.
அந்த அப்பா மறுபடி வந்தாராம்.
முப்பத்தேழு புள்ளி ஆறு. இறங்குகிறது.

மூன்று புள்ளி எட்டுக்குப் பக்கத்தில்
அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.